யூனிக்சும் விண்டோசும்: மென்பொருட் பெயர்ப்பின் வரலாற்றில் எழுத்து என்னும் சிக்கல்

1. முன்னுரை

ஒரு மொழியில் எழுதப்பெற்ற நூலைப் பிறிதொரு மொழிக்குக் கொண்டு செல்வதை மொழிபெயர்ப்பு என்கிறோம். ஓர் இயக்க முறைமைக்கென எழுதப்பெற்ற மென்பொருளைப் பிறிதோர் இயக்க முறைமையில் இயங்கச் செய்வதைக் கணிப்பொறி வல்லுநர் 'போர்ட்டிங்' என்பர். தமிழில் இதனைப் 'பெயர்த்தமைத்தல்' எனலாம். தொல்காப்பிய மரபியல், வழிநூலின் நால்வகையுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை வைக்கிறது. பெயர்க்கப்பட்ட நூல், மூலத்தின் வழிவந்த நூலாகவே அங்குக் கொள்ளப்படுகிறது. மென்பொருட் பெயர்ப்பிலும் மூலத்தை எவ்வளவு மாற்றலாம், எதனை மாற்றாது காக்க வேண்டும் என்னும் வினாக்கள் எழுகின்றன.

யூனிக்சு மரபில் தோன்றிய மென்பொருள்கள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோசு முறைமைக்குப் பெயர்க்கப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வரலாறு அயலானதன்று. மொழித் தரவகங்களில் சொல் தேடவும், வரிசைப்படுத்தவும், தொடரடைவு உருவாக்கவும் பயன்படும் கருவிகள் பல யூனிக்சில் பிறந்தவை. அவற்றைப் பயன்படுத்துவோரில் பலர் விண்டோசுக் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர். இடையில் நிகழும் பெயர்ப்பில் இழப்பு ஏற்படின், அவ்விழப்பு உரையிலேயே ஏற்படுகிறது. தமிழ் போன்ற மொழிகளுக்கு அவ்விழப்பு ஏனைய மொழிகளினும் மிகுதியாக இருந்தமையும், அதன் காரணமும் கீழே விளக்கப்படுகின்றன.

2. இரு மரபுகள்

யூனிக்சு 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. 1973-இல் அது சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதன்பின் பல்வேறு பொறிகளுக்கு அதனைக் கொண்டு செல்வது எளிதாயிற்று. சிறு கருவிகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துப் பெரிய பணியை முடிப்பது யூனிக்சின் இயல்பு. ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குச் செல்லும் பண்டம் பெரும்பாலும் வரிகளாலான உரையே ஆகும். பல நிறுவனங்களின் யூனிக்சு வகைகள் வேறுபட்டுச் சென்றமையால், பொது இலக்கணம் ஒன்று தேவைப்பட்டது. 1988-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு வெளியிட்ட 'போசிக்ஸ்' தரம் அதனை வழங்கியது. அப்பெயரை முன்மொழிந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன்.

விண்டோசு என்.டி. வேறொரு மரபில் வந்தது. முன்னர் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் வி.எம்.எஸ். முறைமையை வடிவமைத்த டேவ் கட்லர் இதன் உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கினார். முதற் பதிப்பு 1993 சூலையில் வெளிவந்தது. கருநிரல் புதிதாயினும், டாஸ் முறைமையின் வழக்காறுகளாகிய இயக்கக எழுத்து, பின்சாய்ந்த கோடு, இருகுறி வரிமுடிவு ஆகியன அதில் தொடர்ந்தன.

இவ்விரு மரபுகளிடையே உள்ள வேறுபாடுகளை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம். முதலாவது சொல் நிலை: ஒரே பணிக்கு இரு முறைமைகளும் வெவ்வேறு பெயருடைய செயற்கூறுகளைக் கொண்டுள்ளன. இரண்டாவது தொடர் நிலை: ஒரு நிரல் மற்றொரு நிரலைத் தோற்றுவிக்கும் முறை போன்ற அடிப்படை அமைப்புகளே வேறுபடுகின்றன. மூன்றாவது எழுத்து நிலை: உரை என்பது யாது, எழுத்து என்பது எத்தனை பைட்டு, வரி எங்கு முடிகிறது என்பனவற்றில் இரு மரபுகளும் உடன்படவில்லை. தமிழ் இலக்கணம் எழுத்திலிருந்து தொடங்கும். மென்பொருளைப் பெயர்த்தமைத்தவர்களோ சொல்லிலிருந்து தொடங்கினர். எழுத்துக்கு இறுதியிலேயே வந்து சேர்ந்தனர்.

3. தொடக்கக்கால முயற்சிகள்

யூனிக்சுக் கருவிகளை மைக்ரோசாப்ட் முறைமைகளில் வழங்கும் முயற்சி விண்டோசு என்.டி.க்கு முற்பட்டது. கனடாவின் மார்டிஸ் கெர்ன் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களிலேயே டாஸ் முறைமைக்கு இத்தகைய கருவித் தொகுதியை விற்றது. 1989-இல் டி.ஜே. டெலோரி, குனு சி தொகுப்பியை டாஸ் முறைமைக்குக் கொண்டுவரும் பணியைத் தொடங்கினார்.

விண்டோசு என்.டி.யின் முதற் பதிப்பிலேயே போசிக்ஸ் துணைமுறைமை ஒன்று இடம்பெற்றிருந்தது. அமெரிக்க நடுவணரசின் கொள்முதல் விதிகள் போசிக்ஸ் இணக்கத்தைக் கோரியமை இதற்கு முதன்மைக் காரணம். விதியின் சொல்லை நிறைவுசெய்த அத்துணைமுறைமை, அதன் பொருளை நிறைவுசெய்யவில்லை. 1990ஆம் ஆண்டுத் தரத்தின் செயற்கூறுகள் மட்டுமே அதில் இருந்தன. கட்டளைக் கருவிகளோ, வலையமைப்புத் தொடர்போ இல்லை. அதில் இயங்கும் நிரல், விண்டோசின் ஏனைய வசதிகளை அழைக்கவும் இயலாது. விண்டோசு 2000-உடன் அது வழக்கொழிந்தது.

இக்குறையை நிரப்ப எழுந்தது சாப்ட்வே சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் 'ஓப்பன் என்.டி.'. பின்னர் 'இண்டெரிக்ஸ்' எனப் பெயர் பெற்ற இதனை 1999-இல் மைக்ரோசாப்ட் தானே விலைக்கு வாங்கியது. விண்டோசு 8, சர்வர் 2012 ஆகியவற்றோடு இவ்வழியும் முடிவுக்கு வந்தது. ஏ.டி. அண்ட் டி. ஆய்வுக்கூடத்தின் டேவிட் கோர்ன் உருவாக்கிய 'யூவின்' மற்றொரு முயற்சி. அவர் தம் பட்டறிவை 1997-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் கட்டுரையாக அளித்தார்.

4. சிக்வின்: இடைநின்று பேசும் அடுக்கு

1995-இல் சிக்னஸ் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லைன் தொடங்கிய பணி, 'சிக்வின்' என இன்று வழங்கும் இணக்க அடுக்காக வளர்ந்தது. விண்டோசு என்.டி.யும் விண்டோசு 95-உம் பயன்படுத்திய பொருட்கோப்பு வடிவத்திற்கு நெருங்கிய வடிவத்தைக் குனு கருவிகள் முன்னரே அறிந்திருந்தன என்பது அவர் கண்ட வாய்ப்பு. ஆனால் குனு தொகுப்பி தானே பல யூனிக்சுச் செயற்கூறுகளை நம்பியிருந்தது. தொகுப்பியைத் திருத்துவதினும், அச்செயற்கூறுகளை வழங்கும் நிரலகம் ஒன்றை உருவாக்குவது பயன்மிக்கது என முடிவு செய்யப்பட்டது. அந்நிரலகம் இருப்பின் ஏனைய மென்பொருள்களும் சிறிதளவு மாற்றத்துடன் இயங்கும்.

பழங்காலத் துறைமுகங்களில் வணிகர் இருவருக்கிடையே நின்ற துபாசியின் பணியை இந்நிரலகம் செய்தது. நிரல் யூனிக்சு மொழியிலேயே பேசும். நிரலகம் ஒவ்வொரு வேண்டுகோளையும் விண்டோசு மொழிக்கு மாற்றிச் சொல்லி, மறுமொழியை மீண்டும் யூனிக்சு மொழியில் தரும்.

சொல் நிலையில் இம்முறை சிறப்பாக வெற்றி பெற்றது. தொடர் நிலையில் அதற்குப் பெருவிலை தர வேண்டியிருந்தது. 'ஃபோர்க்' எனும் யூனிக்சுச் செயற்கூறு இதற்கு ஏற்ற சான்று. யூனிக்சில் ஒரு நிரல் புதிய நிரலைத் தோற்றுவிக்க வேண்டின், முதலில் தன்னையே படியெடுத்துக்கொள்ளும். பின்னர் அப்படி வேறு நிரலாக உருமாறும். விண்டோசின் வழக்கமான செயற்கூறோ, வட்டிலுள்ள நிரற்கோப்பிலிருந்து புதிதாக ஒன்றைத் தோற்றுவிக்கும். தன்னைப் படியெடுத்தல் என்னும் தொடரமைப்பு அதில் இல்லை.

சிக்வின் இதனைப் பின்வருமாறு ஈடு செய்தது. தாய்நிரல், தன் கோப்பிலிருந்தே சேய்நிரல் ஒன்றைத் தோற்றுவித்து உறக்க நிலையில் வைக்கும். தன் தரவுப் பகுதியை அதன் நினைவகத்திற்குள் படியெடுக்கும். சேய் விழித்தெழுந்து, தான் படியெடுக்கப்பட்ட நிரல் என உணர்ந்து, தாய் நின்ற இடத்திற்குத் தாவும். அதன்பின் தாய் தன் அடுக்கு நினைவகத்தையும் குவியல் நினைவகத்தையும் படியெடுத்துத் தரும். இவ்வளவும் ஒரே சொல்லின் பெயர்ப்பு. நிரலகங்கள் தாயில் அமைந்த அதே முகவரியில் சேயிலும் அமையாவிடின் இம்முயற்சி முறியும். பாதுகாப்புக் கருதி நிரலக முகவரிகளைக் கலைத்துவைக்கும் முறை விண்டோசு விஸ்டா முதல் வந்தபோது இவ்விடர் மிகுந்தது.

யூனிக்சு மென்பொருளை நிறுவுமுன் ஓடும் சோதனை நிரல்கள் ஆயிரக்கணக்கான சிறு நிரல்களைத் தோற்றுவிப்பன. ஆகவே யூனிக்சில் விரைந்து முடியும் பணி, சிக்வினில் நெடுநேரம் எடுத்துக்கொண்டது. ஒரு மொழியில் ஒரே அசையால் உணர்த்தப்படும் இலக்கணப் பொருளை மற்றொரு மொழியில் முழு வாக்கியத்தால் உணர்த்த நேரும் மொழிபெயர்ப்பாளர் இந்நிலையை எளிதில் உணர்வர்.

5. மின்-ஜி-டபிள்யூ: மூலத்தையே திருத்தும் வழி

துபாசி இன்றிப் பேச விழைந்தோர் வேறு வழி கண்டனர். 1998-இல் காலின் பீட்டர்ஸ் வெளியிட்ட 'மின்-ஜி-டபிள்யூ', குனு தொகுப்பியைக் கொண்டே விண்டோசின் சொந்த நிரல்களை உருவாக்க உதவியது. இதில் உருவாகும் நிரல் மைக்ரோசாப்டின் சி நிரலகத்தையே பயன்படுத்தும். சிக்வின் நிரலகம் உடனிருக்க வேண்டுவதில்லை. ஆனால் ஃபோர்க் போன்றவை இங்கு இல்லை. அவற்றைப் பயன்படுத்தும் பகுதிகளை நிரலாளர் தாமே திருத்தி எழுத வேண்டும்.

இவ்விரு வழிகளையும் பிரித்ததில் உரிமச் சிக்கலுக்கும் பங்குண்டு. சிக்வின் நிரலகத்தோடு இணைக்கப்பட்ட மென்பொருள் திறந்த மூலமாக இருத்தல் வேண்டும். அன்றேல் தனி உரிமம் விலைக்குப் பெற வேண்டும். 2016-இல் இவ்விதி தளர்த்தப்படும்வரை வணிக நிறுவனங்கள் பலவற்றுக்கு மின்-ஜி-டபிள்யூவே உகந்ததாயிற்று.

இரண்டும் ஒன்றையொன்று முற்றும் விலக்கவில்லை. மின்-ஜி-டபிள்யூவைப் பயன்படுத்துவதற்கே யூனிக்சுச் சூழல் தேவைப்பட்டமையால், சிக்வினிலிருந்து கிளைத்த 'எம்சிஸ்' என்னும் சிறு சூழல் அதற்கென உருவாக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் தம் கையேடுகளை மூலமொழியிலேயே வைத்துக்கொண்டு இலக்கு மொழியில் எழுதுவது போன்றது இது.

6. வரியின் முடிவு

இனி எழுத்து நிலைக்கு வருவோம். யூனிக்சில் ஒரு வரியின் முடிவை 10 என்னும் எண்ணுடைய ஒரு குறி காட்டும். டாஸ், விண்டோசு மரபில் 13, 10 என்னும் இரு குறிகள் சேர்ந்து காட்டும். தொலைதட்டச்சுப் பொறியின் அச்சுமுனையை இடப்பக்கம் திருப்புவதற்கு ஒன்றும், தாளை ஒரு வரி நகர்த்துவதற்கு மற்றொன்றுமாக அமைந்த கட்டளைகளின் எச்சம் இவை.

இவ்வேறுபாட்டை மறைக்க விண்டோசின் சி நிரலகம் கோப்புகளை 'உரை முறை', 'இரும முறை' எனப் பிரித்தது. உரை முறையில் திறந்த கோப்பைப் படிக்கும்போது இரு குறிகள் ஒன்றாகச் சுருங்கும்; எழுதும்போது ஒன்று இரண்டாக விரியும். 26 என்னும் எண்ணுடைய குறியைக் கண்டால் கோப்பு முடிந்தது எனக் கொள்ளும் பழக்கமும் உரை முறையில் நீடித்தது. எனவே யூனிக்சில் முழுதும் படிக்கப்பெற்ற கோப்பு, விண்டோசில் நடுவில் முடிந்துபோகக்கூடும். யூனிக்சு நிரலாளருக்கு இப்பாகுபாடு தேவைப்படாமையால், அவர்தம் மூலநிரலில் இரண்டும் வேறுபடுத்தப்படுவது அரிது.

தொடரடைவுப் பணியில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் உள்ளது எனக் குறித்து யூனிக்சில் ஓர் அடைவு உருவாக்கப்படுவதாகக் கொள்வோம். அவ்வுரைக் கோப்பின் வரிமுடிவுகள் விண்டோசு முறைக்கு மாற்றப்பட்டால், முந்தைய வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட்டு கூடும். ஆயிரமாவது வரியில் பிழை 999 பைட்டு. யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு ஆதலால், சுட்டப்படும் இடம் பிழையான சொல்லாக மட்டுமன்றி, ஓர் எழுத்தின் நடுவாகவும் அமையலாம். அடைவு பிழை எனப் பயனர் அறிவார். பிழை எங்கு நேர்ந்தது என அறிவது கடினம்.

7. எழுத்தும் குறியீட்டுப் பக்கமும்

விண்டோசு என்.டி. 1993-இலேயே யூனிகோடு குறிகளை 16 பிட்டுகளாகத் தன் அகத்தில் கொண்டிருந்தது. ஆயினும் பழைய நிரல்களுக்கு இடமளிக்கும் பொருட்டு, உரையைக் கையாளும் செயற்கூறுகளுக்கு இரு வாயில்கள் அமைக்கப்பட்டன. ஒன்று 16 பிட்டுக் குறிகளை ஏற்கும் அகன்ற வாயில். மற்றொன்று, கணிப்பொறிக்கென அமைந்த 'குறியீட்டுப் பக்கத்தின்' வழியே 8 பிட்டுக் குறிகளை ஏற்கும் குறுகிய வாயில்.

யூனிக்சு மரபு எதிர்த்திசையில் சென்றது. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் 'பிளான் 9' முறைமைக்கென யு.டி.எஃப்.-8 முறையை வகுத்தனர். யூனிகோடு குறிகளைப் பைட்டுத் தொடர்களாகவே எழுதும் முறை இது. யூனிக்சின் கோப்புப் பெயரில் சாய்கோடும் சுழிப் பைட்டுமே தனிப்பொருள் உடையன. ஆதலால் பழைய நிரல்கள் பல எவ்விதத் திருத்தமும் இன்றித் தமிழ்ப் பெயருடைய கோப்புகளைத் திறந்தன.

பெயர்க்கப்பட்ட யூனிக்சு நிரல் விண்டோசுக்கு வந்தபோது இயல்பாகவே குறுகிய வாயிலில் நுழைந்தது. அதன் மூலநிரல் பைட்டுகளையே அறிந்திருந்தது. மேலை ஐரோப்பிய மொழிகளுக்கும், உருசியத்திற்கும், சப்பானியத்திற்கும் தத்தம் குறியீட்டுப் பக்கங்கள் இருந்தன. அம்மொழிகளின் பயனர் ஓரளவு இடர்ப்பட்டனரேனும் தம் மொழியில் பணி செய்ய முடிந்தது. தமிழுக்கு அத்தகைய பக்கம் இல்லை. விண்டோசு 2000 தமிழையும் இந்தியையும் யூனிகோடு வழியாக மட்டுமே ஏற்றது. தமிழ்ப் பெயருடைய கோப்பு குறுகிய வாயிலில் வரும்போது ஒவ்வொரு குறியும் வினாக்குறியாக மாறியது. வினாக்குறி விண்டோசில் கோப்புப் பெயருக்கு ஆகாத குறி. ஆதலின் கோப்பு இருப்பதை நிரல் அறியும். அதனைத் திறக்க இயலாது.

யூனிகோடைத் தன் அகத்தில் முதலில் ஏற்ற முறைமையிலேயே பெயர்ப்பு நிரல்கள் தமிழைக் காண முடியாது போயின. பின்னர் ஏற்ற முறைமையில் அவை கண்டன. பெயர்ப்பில் நேர்ந்த பிழை எனத் தனியொருவரைச் சுட்ட இயலாத இழப்பு இது. மூலநிரல் பிழையற்றது, விண்டோசும் தன் விதிப்படியே இயங்கியது. இழப்பு இரண்டிற்கும் இடைப்பட்ட வாயிலில் நேர்ந்தது.

யூனிகோடுக்கு முற்பட்ட 8 பிட்டுத் தமிழ்க் குறியேற்றங்களும் இடரினின்று தப்பவில்லை. மேலை ஐரோப்பியப் பக்கத்தில் 192 முதல் 222 வரை பெரும்பாலும் பெரிய எழுத்துகளும், 224 முதல் 254 வரை அவற்றுக்குரிய சிறிய எழுத்துகளும் அமைந்துள்ளன. விண்டோசு கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என வேறுபாடு கருதுவதில்லை. எனவே 32 எண் இடைவெளியில் அமைந்த இரு வேறு தமிழ் வடிவங்கள், கோப்புப் பெயரளவில் ஒன்றாகவே கொள்ளப்பட்டன. தமிழ் அறியாத வேறுபாடு ஒன்று தமிழின் மேல் ஏற்றப்பட்டது.

8. அண்மைக்கால மாற்றங்கள்

இந்நிலை படிப்படியாக மாறியது. 2009 திசம்பரில் வெளிவந்த சிக்வின் 1.7, விண்டோசின் அகன்ற வாயிலைப் பயன்படுத்தி, நிரலின் பக்கம் யு.டி.எஃப்.-8 ஆகத் தந்தது. துபாசி எழுத்தையும் பெயர்க்கத் தொடங்கினார் எனலாம். 2012-இல் விண்டோசுக்கான 'கிட்' மென்பொருள் கோப்புப் பெயர்களுக்கு இவ்வாறே யு.டி.எஃப்.-8 முறையை ஏற்றது. 2016-இல் பைத்தான் 3.6 பதிப்பும் இவ்வழியே சென்றது. 2019-இல் விண்டோசு 10 (பதிப்பு 1903), ஒரு நிரல் தனக்குரிய குறியீட்டுப் பக்கமாக யு.டி.எஃப்.-8 முறையையே அறிவித்துக்கொள்ள இடமளித்தது. குறுகிய வாயிலும் தமிழுக்குத் திறந்தது அப்போதுதான். முதற்பதிப்பிலிருந்து இதற்கு 26 ஆண்டுகள் ஆயின.

2016-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட 'லினக்சுக்கான விண்டோசுத் துணைமுறைமை', லினக்சு நிரல்களை மறுதொகுப்பின்றியே இயக்கியது. அதன் முதல் வடிவம் ஒவ்வொரு கருநிரல் அழைப்பையும் பெயர்த்தது. 2019-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் வடிவம் அம்முயற்சியைக் கைவிட்டு, மெய்யான லினக்சுக் கருநிரலையே விண்டோசுக்குள் ஒரு மெய்நிகர் பொறியில் குடியேற்றியது. இரு பக்கங்களும் தம் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை, யு.டி.எஃப்.-8 பிறந்த அதே பிளான் 9 முறைமையிலிருந்து வந்தது. பெயர்ப்பு நின்றுபோகவில்லை; நிரலிலிருந்து கோப்பிற்கு இடம் மாறியது. இருபுறமும் ஒரே கோப்பைத் தொடும் இடத்தில் வரிமுடிவுச் சிக்கல் இன்றும் எழுகிறது.

எஞ்சிய சிக்கல் ஒன்றும் குறிப்பிடத்தக்கது. 2019-இல் யூனிகோடு 12.0 பதிப்பில் 'தமிழ் துணைத்தொகுதி' 51 குறிகளுடன் சேர்க்கப்பட்டது. முந்திரி முதலான பின்னங்களும், உழக்கு, குறுணி, பதக்கு முதலான அளவைக் குறிகளும் அதில் உள்ளன. இவை 16 பிட்டுகளுக்குள் அடங்காதவை. லினக்சில் அகன்ற குறி 32 பிட்டு. விண்டோசில் 16 பிட்டு. சிக்வினும் விண்டோசு வழியே நிற்கிறது. ஆகவே பழைய நில ஆவணம் ஒன்றின் மின்பதிப்பில் வரும் முந்திரிக் குறியை, அகன்ற குறிகளை எண்ணும் நிரல் லினக்சில் ஒன்றெனவும் விண்டோசில் இரண்டெனவும் கணக்கிடும்.

9. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படுவன மூன்று. முதலாவதாக, இணக்க அடுக்கு மூலத்தைக் காக்கிறது, விரைவை இழக்கிறது. சொந்தப் பெயர்ப்பு விரைவைக் காக்கிறது, மூலத்தைத் திருத்துகிறது. இவற்றுள் எது சிறந்தது என்பது பணியைப் பொறுத்தது. இரண்டாவதாக, இரு வழிகளிலும் பெயர்த்தமைத்தோர் சொல்லையும் தொடரையும் கருதிய அளவு எழுத்தைக் கருதவில்லை. தம் மொழிக்குக் குறியீட்டுப் பக்கம் இருந்தமையால் அதன் தேவை அவர்களுக்குப் புலப்படவில்லை. மூன்றாவதாக, பக்கம் இல்லாத மொழிகளின் பயனரே இக்குறையை முழுதும் சுமந்தனர்.

எனவே தமிழ்த் தரவகங்களைப் பேணுவோர், பெயர்க்கப்பட்ட கருவி ஒன்றை ஏற்குமுன் மூன்று சோதனைகளைச் செய்தல் நலம். தமிழில் பெயரிட்ட கோப்பை அது திறக்கிறதா? ஒரு கோப்பைப் படித்து மீண்டும் எழுதிய பின் பைட்டு எண்ணிக்கை மாறாதிருக்கிறதா? 'தமிழ்' என்னும் சொல்லுக்கு 5 குறிகளும் முந்திரிக் குறிக்கு 1 குறியும் எனச் சரியாக எண்ணுகிறதா? இம்மூன்றும் சில நிமிடங்களில் முடிவன. இவற்றுள் ஒன்றில் தவறும் கருவியைக் கொண்டு உருவாக்கிய அடைவையும் சொற்கணக்கையும் ஆய்வுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.